ஒரு மெதுவான காதல் பாட்டு ஏன் இன்னும் ஆளை அசையவிடாமல் இருத்துது?

கடலோரம்06 | வெள்ளவத்தை

வணக்கம் எல்லாருக்கும். கொஞ்சம் நீளமா எழுதப்போறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

போன வியாழன் பின்னேரம் கோட்டையில 101 பஸ் எடுத்தனான். சரியான சனம். கொள்ளுப்பிட்டி தாண்டினதும் மழை பிடிச்சிட்டுது. சாரதி மில்டன் மல்லவாராச்சியின்ர பாட்டொண்டைப் போட்டுவிட்டார். எனக்குச் சிங்களம் கடைகண்ணியில சமாளிக்கிற அளவுக்குத்தான் வரும். பாட்டில பாதிச் சொல் விளங்கேல்லை. ஆனால் பம்பலப்பிட்டி வர முன்னமே கண் நிறைஞ்சுபோச்சு. பக்கத்தில கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிண்ட ஒரு ஐயா உதட்டை மட்டும் அசைச்சுக் கூடவே பாடிக்கொண்டு வந்தார். பஸ்ஸுக்குள்ள ஒருத்தரும் கதைக்கேல்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவின்ர கசற் பெட்டியைத் திறந்தன். பி.பி. ஸ்ரீநிவாஸ், ஏ.எம். ராஜா, சுசீலா. அப்பா போய் ஆறு வருசம். எனக்கு வயது 34. அந்தப் பாட்டுகள் வந்தது நான் பிறக்க முப்பது வருசத்துக்கு முதல். "உன்ர இளமைக்கால ஞாபகம்தான் உன்னை அழவைக்குது" எண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேலாது. அந்தக் காலத்தில நான் இல்லை.

அப்ப என்ன இது? யாரோ ஒருத்தர் யாருக்கோ பாடின பாட்டு எங்களை ஏன் பிடிச்சு இருத்துது? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ. உண்மையா அறிய விருப்பமாயிருக்கு.

தொண்ணூறுநிமிடம் | வெள்ளவத்தை

பிள்ளை, விளக்கம் சொல்லுற அளவுக்கு எனக்குப் படிப்பில்லை. கண்டதைச் சொல்லுறன். 1979-ல இருந்து காலி வீதியில ஒரு றெக்கோடிங் பாரில வேலை செய்தனான். ஆக்கள் துண்டில பாட்டுகளை எழுதிக்கொண்டு வருவினம். இசைத்தட்டில இருந்து கசற்றுக்கு ஏத்திக் குடுப்பம். அறுபது நிமிடக் கசற்றுக்குப் பதினாலு, பதினஞ்சு பாட்டுக் கொள்ளும்.

துள்ளல் பாட்டுக் கேட்டு வாற ஆக்கள் "நல்லதாப் பாத்து நீங்களே போடுங்கோ" எண்டு சொல்லிப்போட்டுப் போயிடுவினம். காதல் பாட்டுக் கேட்டு வாற ஆள் அப்பிடி இல்லை. இதுக்குப் பிறகு இது வரவேணும், இந்தப் பாட்டு பி பக்கத்தில கடைசியா வரவேணும் எண்டு நிண்டு சொல்லுவினம். ஒழுங்கு மாறிப்போனா முகம் வாடிப்போகும். அது பாட்டுப் பட்டியல் இல்லை, கடிதம் எண்டு எனக்கு விளங்கக் கொஞ்சக் காலம் எடுத்தது. பிறகு நானும் அந்தத் துண்டுகளை எறியிறதை விட்டிட்டன்.

தொண்ணூறுகளில யாழ்ப்பாணத்தில கரண்ட் இல்லை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, மிதியைச் சுத்தி, டைனமோவில பாட்டுக் கேட்டவை. மிதிக்கிற கால் களைச்சால் பாட்டும் இழுபடும். மெதுவான பாட்டிலதான் அந்த இழுவை அப்பட்டமாத் தெரியும். எண்டாலும் அதைத்தான் போட்டுக் கேட்டிருக்கினம். அங்க இருந்து வந்த ஒரு பெடியன் கடையில நிண்டு சொன்னவர்: "அண்ணை, நான் மிதிக்க அவள் கேட்டவள்." அதுக்கு மேல அவர் ஒண்டும் சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை.

சுருதிப்பெட்டி | பம்பலப்பிட்டி

நான் வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். தங்கைச்சி, உங்கள் கேள்விக்கு இசையின் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்லலாம்.

முதலில் மைக்கைப் பற்றிச் சொல்லவேண்டும். 1925 வரை பாடகர் ஒரு புனலுக்குள் உரத்துப் பாடித்தான் இசைத்தட்டுப் பதிவானது. அந்த வருடம் மின்முறைப் பதிவு வந்தது. அதற்குப் பிறகுதான் ஒரு மனிதர் தாழ்ந்த குரலில், காதோடு பேசுகிற மாதிரிப் பாடி, அது ஆயிரம் மைல் தள்ளிக் கேட்க முடிந்தது. அமெரிக்காவில் பிங் கிராஸ்பி அப்படித்தான் பெயரெடுத்தார். எங்களிடம் தியாகராஜ பாகவதரின் குரலைக் கேளுங்கள். நாடக மேடையில் கடைசி வரிசை வரைக்கும் எட்டவேண்டிய குரல் அது. அதற்குப் பிறகு ஏ.எம். ராஜாவையும் பி.பி. ஸ்ரீநிவாஸையும் கேளுங்கள். அவர்கள் யாரையும் எட்டிப்பிடிக்க முயலவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவ்வளவு கிட்ட வந்து ஒருவர் பேசுவதை வாழ்க்கையில் எத்தனை பேரிடம் நாம் அனுமதிப்போம்? தாயிடம், துணையிடம், பிள்ளையிடம். உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரியும். பாடுகிறவர் அந்நியர் என்று மூளை சொல்வதற்கு முன்பே உடம்பு நம்பிவிடுகிறது.

இரண்டாவது, சாய்வு. ஒரு ஸ்வரம் போய்ச் சேரவேண்டிய இடத்துக்கு நேரே போகாமல், பக்கத்து ஸ்வரத்தில் ஒரு கணம் சாய்ந்து நின்று பிறகு இறங்கும். இங்கிலாந்தில் ஜோன் ஸ்லொபோடா என்ற உளவியலாளர் 1991-ல் வெளியிட்ட ஆய்வில், பாட்டின் எந்த இடத்தில் கண்ணீர் வருகிறது என்று கேட்பவர்களிடமே விசாரித்தார். அவர்கள் காட்டிய இடங்களில் இந்தச் சாய்வு அடிக்கடி இருந்தது. எங்கள் கமகமும், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவதும், இதே வேலையைத்தான் வரிக்கு வரி செய்கிறது. வேகமான பாட்டில் இது கண்ணிமைக்கும் நேரத்துக்குள் ஓடிவிடும். மெதுவான பாட்டில் அந்தச் சாய்வுக்குள் நாங்கள் குடியிருக்க முடிகிறது.

இன்னொன்று. கனடாவில் மொன்றியல் நகரத்து மக்கில் பல்கலைக்கழகத்தார் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், ஆட்களுக்குப் பிடித்த இசையை அவர்களையே கொண்டுவரச் சொல்லி, கேட்கும்போது மூளையைப் படம்பிடித்தார்கள். டோபமின் என்ற, இன்பத்தோடு தொடர்புள்ள மூளை இரசாயனம் சுரப்பது உச்சமான இடத்தில் மட்டும் இல்லை. அந்த இடம் வரப்போகிறது என்று காத்திருக்கிற வினாடிகளிலேயே, மூளையின் வேறொரு பகுதியில் தொடங்கிவிடுகிறது. சரணம் முடிந்து பல்லவி திரும்புவதற்கு முன் ஒரு சின்ன மௌனம் வருமே, அங்கே உங்கள் மூச்சைக் கவனித்துப் பாருங்கள்.

மழைக்குமுன் | தெஹிவளை

ரீச்சர் சொன்னது விளங்குது. ஆனால் மற்றப் பக்கத்தையும் ஒராள் சொல்லவேணும்.

நான் இந்தப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவள். பதினாறு வயதில இரவு ரேடியோவைத் தலையணைக்குப் பக்கத்தில வைச்சுக் கேட்டனான். காத்திருக்கிறதுதான் அன்பு, பொறுத்துக்கொண்டு போறதுதான் அன்பு எண்டு அந்தப் பாட்டுகளில பொம்பிளைக் குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. அந்த வரிகளை எழுதினது அனேகமா ஆம்பிளையள். நான் அதை நம்பி ஒரு ஆளுக்காக ஒன்பது வருசம் காத்திருந்தன். பேந்து கலியாணம். பேந்து நாலு வருசத்தில பிரிஞ்சது. அந்த நாலு வருசமும் பொறுத்துக்கொண்டு போனதும் பாட்டுப் படிப்பிச்ச பழக்கம்தான்.

அழகா இருக்கிறதால ஒரு விசயம் உண்மையாகிடாது. இதையும் யோசிச்சுக் கதையுங்கோ.

மாளிகாவத்தை_நானா

தங்கச்சி மழைக்குமுன், நீங்க சொன்னத வாசிச்சிட்டு ஒரு மணி நேரம் ஒண்டும் எழுதாம இருந்தேன். நீங்க சொல்றது சரி. அதுக்கு எங்கிட்டப் பதில் இல்ல. நான் பஸ் கதைக்கு மட்டும் வாறேன்.

சிங்களப் பாட்டு விளங்காமலே அழுதது ஆச்சரியம் இல்ல. வாப்பாக்கு மருதானையில தேத்தண்ணிக் கடை. காலையில ‘பொங்கும் பூம்புனல்’ தமிழ் ஒலிபரப்பு, பகலைக்கு எச்.ஆர். ஜோதிபால, ராவைக்கு ஹிந்திப் பாட்டு. மூணு மொழிப் பாட்டும் ஒரே சாமான்தான் எண்டு வாப்பா சொல்லுவார். அவர் சும்மா சொல்லல்ல. சிங்கள சினிமாப் பாட்டுக்கு மெட்டமைச்சவங்களைப் பாருங்க: ஆர். முத்துசாமி, எம். ரொக்சாமி. பாடினவர் முகைதீன் பேக், சேலத்தில பிறந்து இங்க வந்தவர். ருக்மணி தேவி கொழும்புச் செட்டிக் குடும்பம், சொந்தப் பேர் டெய்சி ராசம்மா டானியல்ஸ். இந்தக் கொழும்பில காதல் பாட்டுச் செஞ்ச கைகள் எல்லாம் கலந்த கைகள். அந்த மெட்டில எங்கட சாயல் இருக்கு. சொல்லு விளங்கல்ல எண்டாலும் இழுப்பு விளங்கும்.

இன்னொண்டு. 1952-ல இந்தியாவில கேஸ்கர் ஒலிபரப்பு அமைச்சராகி ஆல் இந்தியா ரேடியோவில சினிமாப் பாட்டக் குறைச்சார். அதால அந்தப் பக்கத்துச் சனம் முழுக்க இலங்கை வானொலிப் பக்கம் காதத் திருப்பிச்சு. அவங்களே 1957-ல சினிமாப் பாட்டுப் போடுற விவித் பாரதி ஒலிபரப்ப துவங்க வேண்டி வந்திச்சு. கொழும்பு டொரிங்டன் சதுக்கத்தில இருந்த இலங்கை வானொலியில அறிவிப்பாளர் எஸ்.பி. மயில்வாகனன் பேசினதத் திருச்சியிலயும் மதுரையிலயும் கேட்டுக்கொண்டு இருந்தாங்க. காதல் பாட்ட மக்கள்ட கையில இருந்து பறிச்சா, அது கடல் தாண்டி வந்து சேரும்.

குறும்பொறை | கொழும்பு 3

கடலோரம் அக்கா, தமிழ் இலக்கியம் படிக்கிற மாணவன் நான். உங்கள் கேள்வியின் கடைசி வரி, "யாரோ ஒருத்தர் யாருக்கோ பாடின பாட்டு", அதற்குள்ளேயே பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

தொல்காப்பியம் அகத்திணைக்கு ஒரு விதி வைத்திருக்கிறது: "சுட்டி ஒருவர் பெயர்கொளப் பெறாஅர்." காதலைப் பாடும் பாட்டில் ஆளின் பெயரைச் சொல்லக்கூடாது. தலைவன், தலைவி, தோழி, தாய், அவ்வளவுதான். பெயர் வந்தால் அது புறமாகிவிடும், அதாவது போரும் அரசரும் பற்றிய பாட்டுகளின் பக்கம் போய்விடும். சங்கப் பாட்டான நெடுநல்வாடை பிரிவில் வாடும் ஒரு பெண்ணைப் பற்றியது. ஆனால் அதில் வரும் வேலின் தலையில் வேப்பம்பூ மாலை கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியனின் அடையாளம். அந்த ஒரு வேம்பினால் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது, ஆகவே அது புறம் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் சொல்லிவிட்டார்.

எனக்கு இந்த விதி முதலில் வெறும் இலக்கணமாகத்தான் தெரிந்தது. ஒருநாள் மரைன் டிரைவில் நடந்துகொண்டு பாட்டுக் கேட்கும்போதுதான் உறைத்தது. சினிமாவில் அந்தப் பாத்திரத்துக்குப் பெயர் உண்டு, கதை உண்டு, கடைசியில் கலியாணமும் உண்டு. பாட்டில் அது எதுவும் இல்லை. ‘நீ’, ‘நான்’ இரண்டும்தான். படத்தை மறந்துபோன பிறகும் பாட்டு நிற்பது அதனால்தான். உள்ளே ஒரு கதிரை காலியாக விடப்பட்டிருக்கிறது.

அதோடு நாங்கள் இருப்பது கடற்கரை. கடலோர நிலமான நெய்தலுக்குச் சங்கப் பாட்டில் உரிய உணர்வு இரங்கல், பிரிவில் வருந்துவது. கரையோர ரயிலில் ஜன்னல் பக்கம் இருந்து கடலைப் பார்த்துக்கொண்டு வருகிற எவரையும் பாருங்கள்.

மழைக்குமுன் | தெஹிவளை

தம்பி, அந்தக் காலிக் கதிரையிலதான் நான் ஒரு ஆளைக் கொண்டுவந்து இருத்தினனான். பாட்டில இருந்த நல்ல குணமெல்லாம் அந்த ஆளுக்கு இருக்கு எண்டு நினைச்சன். பெயர் இல்லாததுதான் என்ர ஏமாற்றத்துக்கும் காரணம்.

கொட்டாஞ்சேனை_இரண்டாவது_மாடி

எங்கட வீட்டில டடாவுக்கு அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்ஸ். நத்தார் வந்தால் காலை அஞ்சு மணிக்கு அந்தக் குரல்தான். இலங்கையில அந்த மனிசனுக்கு இருக்கிற மதிப்பு அமெரிக்காக்காரருக்கே தெரியுமோ தெரியாது. 1964 யூலை 31, ஒரு சின்ன விமானத்தைத் தானே ஓட்டிக்கொண்டு போய் நாஷ்வில்லுக்குக் கிட்ட விழுந்து போனவர். நாற்பது வயது. நான் பிறக்க முந்தி.

ரீச்சர் மைக்கைப் பற்றி எழுதினதும் எனக்கு இது ஞாபகம் வந்தது. ரீவ்ஸும் முதல்ல உரத்துப் பாடினவர்தான். 1957-ல ஒரு பாட்டுக்கு, உதடு மைக்கில முட்டுற மாதிரிக் கிட்ட நிண்டு, குரலைத் தாழ்த்திப் பாடினார். அதோட அவரின்ர பாதையே மாறினது. தொலைபேசியில காதலியோட கதைக்கிற பாட்டு அதுக்குப் பிறகு வந்தது. அந்தக் குரலை எங்கட டடா தன்ர சிநேகிதரின்ர குரல் மாதிரித்தான் கேட்டவர்.

ஆங்கிலப் பாடகர் எங்கல்பேர்ட் ஹம்பர்டிங்க் பிறந்தது சென்னையில, 1936-ல, எண்டு கனபேருக்குத் தெரியாது. 1967-ல அவரின்ர மெதுவான பாட்டொண்டு பிரிட்டனில பீட்டில்ஸை முதலிடத்துக்கு வரவிடாமல் மறிச்சு வைச்சது. உலகம் முழுக்க ரொக் இசைக்கு ஆடின வருசம் அது. அந்த வருசத்திலும் சனம் போய் வாங்கினது "என்னை விட்டுவிடு" எண்டு கெஞ்சுற ஒரு பாட்டை.

ஈயர்போன்22 | வெள்ளவத்தை

நான் சின்னப் பெடியன், 22 வயசு. பெரியாக்கள் நினைக்கிறீங்கள் எங்களுக்கு முப்பது செக்கனுக்கு மேல பாட்டுக் கேக்கப் பொறுமையில்லை எண்டு. ஒரு விசயம் சொல்லுறன். யூடியூபில ‘ஸ்லோட் ரிவேர்ப்’ எண்டு தேடிப் பாருங்கோ. வந்த பாட்டின்ர வேகத்தை நாங்களே குறைச்சு, எதிரொலி கூட்டி, கேக்கிறம். செய்யிறது முழுக்க என்ர வயசுப் பெடியள். வேகமான பாட்டுத்தான் எங்களுக்குக் கிடைக்குது, அதை நாங்கள் மெதுவாக்கிக்கொள்ளுறம்.

2020 செப்டம்பர் 25, எஸ்.பி.பி. போன அண்டைக்கு எனக்கு 17. அம்மா சமையலறையில நிண்டு அழுதா. அண்டைக்குத்தான் நான் முதல்முதலா அவரின்ர பாட்டொண்டை முழுசா, வேற ஒண்டும் செய்யாமல் இருந்து கேட்டனான்.

தொண்ணூறுநிமிடம் | வெள்ளவத்தை

மழைக்குமுன் பிள்ளைக்கு ஒண்டு சொல்ல விரும்பிறன். ஆறுதல் சொல்லுறன் எண்டு நினைக்க வேண்டாம்.

எண்பதுகளில ஒரு அம்மா வந்தவ. நாற்பது வயதிருக்கும். ஒரேயொரு பாட்டை எழுதின துண்டைத் தந்து, "இதைக் கசற் முழுக்க அடிச்சுத் தாங்கோ, ரெண்டு பக்கமும்" எண்டா. பக்கத்துக்கு ஏழு தரம். அந்தப் பாட்டுத் தட்டிலதான் இருந்தது, பதினாலு தரமும் ஊசியைத் தூக்கித் தூக்கி வைக்கவேணும். நான் வைச்சன். முதலாளி காசு குறைச்சு எடுத்தார். அவ யாரையும் நினைச்சுக் கேட்டவவோ, ஒருத்தரையும் நினைக்காமல் கேட்டவவோ, தெரியாது. ஆனால் வாங்கிக்கொண்டு போகேக்க அவவின்ர முகத்தில காத்திருக்கிற ஆளின்ர சாயல் இல்லை. மருந்து வாங்கிக்கொண்டு போற ஆள் மாதிரிப் போனவ.

மழைக்குமுன் | தெஹிவளை

ஐயா, இதை மூண்டு தரம் வாசிச்சன்.

நான் பாட்டை விட்டிட்டன் எண்டு எழுதேல்லைத்தானே. விடேல்லை. இப்பவும் இரவில போடுறன். கதிரையில இப்ப ஒருத்தரும் இல்லை. முந்தி ஆளைத் தேடித்தான் பாட்டுக் கேட்டனான், இப்ப பாட்டைக் கேக்கிறதுக்காகக் கேக்கிறன். சுசீலாம்மா மேல் ஸ்தாயியில போய் நிக்கிற இடத்தில என்ர நெஞ்சு இப்பவும் நிமிருது. ஆனால் என்ர மகளுக்குச் சொல்லித்தான் போடுறன்: குரலை நம்பு, வரியை நீ யோசிச்சு எடு.

மலைக்காற்று | புறக்கோட்டை

நான் ஹட்டன் பக்கம். பதினாறு வயசுல கொழும்புக்கு வந்து புறக்கோட்டை மொத்தக் கடையில வேலைக்குச் சேந்தேன். கடைக்கு மேல ஒரே ரூம், பதினோரு பேர். ராத்திரி எல்லாரும் படுத்த பெறகு ஒரு அண்ணன் ரேடியோவ மெதுவா வைப்பாரு. ‘இரவின் மடியில்’. பதினோரு பேரும் தூங்குற மாதிரி கெடப்போம். ஒருத்தரும் தூங்கல. அவங்கவங்க ஆளு ஊர்ல இருந்துச்சு. ஒருத்தர ஒருத்தர் பார்க்க மாட்டோம். அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்.

கடலோரம்06 | வெள்ளவத்தை

எல்லாருக்கும் நன்றி. மூண்டு நாளா வாசிச்சுக்கொண்டு இருக்கிறன். மலைக்காற்று அண்ணா எழுதினதைப் பாத்த பிறகு ஒரு கசற்றை எடுத்துக்கொண்டு அம்மாட்டைப் போனன்.

அப்பா 1988-ல இருந்து ரெண்டு வருசம் ரியாத்தில வேலை செய்தவர். அந்தக் கசற் அவர் ஆசைப்பட்டு அடிச்சுக்கொண்டு போனது எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சிருந்தனான். உள்ளுக்கு இருந்த அட்டையை விரிச்சுக் காட்டினன். எழுத்து அம்மாவின்ர. அம்மா ஒரு நிமிசம் கண்ணாடியைத் தேடினா, பேந்து தேவையில்லை எண்டு வைச்சிட்டா. பாடமா வரிசை சொன்னா. பதினஞ்சு பாட்டும்.

அங்க ஒரு அறையில எட்டுப் பேராம். கடிதம் போனால் ஒருத்தர் உரத்து வாசிக்க மற்றாக்கள் கேக்கிற பழக்கமாம், அதால அம்மாவுக்கு ஒண்டும் எழுதக் கூச்சம். "உங்களைத் தேடுது" எண்டு கூட எழுதினதில்லையாம். சித்தியைக் கூட்டிக்கொண்டு போய்க் காலி வீதியில இதை அடிச்சு, ஊருக்கு வந்து திரும்பிப் போன ஒரு ஆளிட்டைக் குடுத்து அனுப்பினவவாம். எட்டுப் பேரும் கேக்கலாம், அவருக்கு மட்டும் விளங்கும் எண்டு சொன்னா.

குறும்பொறைத் தம்பி, நீங்கள் சொன்ன விதி அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் பெயர் இல்லாத பாட்டைத்தான் தேடி எடுத்திருக்கிறா.

மழைக்குமுன் அக்கா, பதினஞ்சில பதினொண்டு ஆம்பிளைக் குரல். அம்மா சொல்ல நினைச்சதை ஸ்ரீநிவாஸ் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு அது வித்தியாசமாப் படேல்லை.

தொண்ணூறுநிமிடம் ஐயா, ஒரு உதவி. கசற்றைப் போட்டால் சுத்துதில்லை, கிறீச்செண்டு நிக்குது. அம்மாவுக்கு ஒருக்கால் கேக்க விருப்பம். என்ன செய்யலாம்?

தொண்ணூறுநிமிடம் | வெள்ளவத்தை

பிள்ளை, அவசரப்பட்டுப் போட்டுப் பாக்காதேங்கோ. இப்ப விக்கிற மலிவுப் பிளேயர் வேண்டாம், நாடாவைத் தின்னும். முதல்ல கசற்றின்ர ஓட்டைக்குள்ள பென்சிலை விட்டுக் கையால மெதுவாச் சுத்துங்கோ, ரெண்டு பக்கமும், முழுசா. ஒட்டியிருக்கிற நாடா பிரியும். நடுவில ஒரு சின்னப் பஞ்சுத் துண்டு இருக்கும், நாடாவைப் பிளேயரின்ர தலையோட அழுத்திப் பிடிக்கிறது. முப்பது வருசத்தில அது கழண்டிருக்கும். அதை மாத்தவேணும். கோது திருகாணி போட்டதெண்டால் திறக்கலாம். ஒட்டினதெண்டால் விடுங்கோ, நான் வேற கோதுக்கு மாத்தித் தாறன். நல்ல டெக் ஒண்டு இப்பவும் வைச்சிருக்கிறன். ஞாயிற்றுக்கிழமை கொண்டாங்கோ, அம்மாவையும் கூட்டிக்கொண்டு. முதல் ஓட்டத்திலேயே கொம்பியூட்டருக்கு ஏத்திப்போடுவம்.

அது எங்கட கடையில அடிச்சதோ தெரியாது. அந்த நாளில காலி வீதியில கன கடை இருந்தது. ஆனால் இதைச் சொல்லவேணும். 1983 யூலைக் கலவரத்தில எங்கட கடை எரிஞ்சது. தட்டுகள் எல்லாம் உருகி ஒண்டோட ஒண்டு ஒட்டிக் கட்டியாக் கிடந்தது. அடுத்த வருசம் சின்னதாத் திரும்பத் திறக்கேக்க எங்களிட்டை ஒரு பாட்டும் இல்லை. முந்தி நாங்கள் அடிச்சுக் குடுத்த கசற்றுகளைச் சனம் பையில போட்டுக்கொண்டு வந்து தந்தது. தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள், எல்லாரும். அதில இருந்து பிரதி எடுத்துத்தான் மற்றக் கசற்றுகள் அடிச்சம்.

அதால, கொம்பியூட்டரில ஏத்தின பிறகு உங்கட வயசுப் பிள்ளையள் சத்தத்தைத் துப்பரவாக்குவினம். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னுக்கு ஒரு சின்ன ‘டக்’ கேக்கும். தட்டில ஊசி வைக்கிற சத்தம். அதை மட்டும் வெட்டச் சொல்லாதேங்கோ.